மாமன்றக் கூட்டத்தில் என்னதான் முடிவாகிறது?

மதுரை மாநகராட்சியின் மாமன்றக் கூட்டம் தல்லாகுளத்திலுள்ள அறிஞர் அண்ணா மாளிகையில் நடந்து முடிந்த மறுநாள், நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் பெரும்பாலும் கவுன்சிலர்கள் மேயரின் இருக்கையை முற்றுகையிட்டதும் எதிர்க்கட்சியினர் வெளிநடப்பு செய்ததுமே செய்தியாக இருக்கும். அதே கூட்டத்தில் பல கோடி ரூபாய்ச் செலவுக்கு அனுமதி தரப்பட்டிருக்கும். கடைகளின் குத்தகை புதுப்பிக்கப்பட்டிருக்கும். ஒரு குடியிருப்பின் பத்தாண்டுத் தண்ணீர்ப் பிரச்சினைக்கு விடையோ தள்ளிப்போடலோ கிடைத்திருக்கும். அவையெல்லாம் 'பல்வேறு தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன' என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடும். மாமன்றத்தில் எழும் குரலும் மாமன்றம் எடுக்கும் முடிவும் ஒரே மண்டபத்தில் நிகழ்ந்தாலும், அவை வெவ்வேறு வழிகளில் வருகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கூட்டங்களைப் பின்தொடர்வது எளிதாகிவிடும். வாக்களித்ததோடு மாநகராட்சியை மறந்துவிட்டு, வரி ரசீது வரும்போது மட்டும் நினைத்துக்கொள்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

மதுரை 1866ஆம் ஆண்டு நகராட்சியாகவும் 1971ஆம் ஆண்டு மே 1 அன்று மாநகராட்சியாகவும் ஆனது. 2011இல் சுற்றியிருந்த நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் இணைக்கப்பட்டு, 72 ஆக இருந்த வார்டுகள் 100 ஆயின. பரப்பளவு ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டர் ஆனது. ஒரு வார்டுக்கு ஒருவர் என நூறு மாமன்ற உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை மட்டும் தமிழ்நாட்டில் அவ்வப்போது மாறிவந்திருக்கிறது. 2011இல் மதுரை மக்கள் மேயருக்கென்றே தனியாக வாக்களித்தார்கள். 2022இல் கவுன்சிலர்கள் தங்களுக்குள்ளிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த வேறுபாட்டின் விளைவு பெரியது. கவுன்சிலர்களால் தேர்ந்தெடுக்கப்படும் மேயர் அவர்களுடைய ஆதரவை நாள்தோறும் தக்கவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொந்தக் கட்சிக் கவுன்சிலரே எழுந்து மேயரை வறுத்தெடுக்கும் காட்சியை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

மன்றத்துக்கு எதிரே இன்னொரு நாற்காலி இருக்கிறது. மாநகராட்சி ஆணையாளர் மாநில அரசால் நியமிக்கப்படும் அதிகாரி. அவர் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம், விளக்கம் அளிக்கலாம். தீர்மானம் கொண்டுவரவோ வாக்களிக்கவோ அவருக்கு உரிமையில்லை. ஆனால் மன்றத்தின் முன் வைக்கப்படும் பொருள்கள் அவருடைய அலுவலகத்தின் வழியாகத்தான் தயாராகின்றன, மன்றம் முடிவெடுத்த பின் அதை நிறைவேற்றுவதும் அவருடைய நிர்வாகமே. ஆக, வாக்கு ஒருவரிடமும் கோப்பு மற்றொருவரிடமும் இருக்கிறது. மாமன்ற விவாதங்களில் பாதிக்கு மேற்பட்டவை, எந்தக் கட்சியின் ஆட்சியாக இருந்தாலும், இந்த இருவருக்கும் இடையிலான இழுபறியாகவே இருக்கின்றன. 'அதிகாரிகள் எங்கள் போனை எடுப்பதில்லை' என்ற புகார் கூட்டத்துக்குக் கூட்டம் ஒலிப்பதற்கு அதுவே காரணம்.

மன்றமே இல்லாமல் ஊர் நடக்குமா என்று கேட்டால், நடந்திருக்கிறது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரையின் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து வெளிவீதிகளை உருவாக்கியபோது கேட்பதற்கு மன்றம் எதுவும் கிடையாது. அந்தப் பணியில் உடனிருந்தவர்களின் நினைவாகவே பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் பெயர் தாங்கி நிற்கின்றன. அது வெள்ளைக்காரன் காலம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 மார்ச் வரை மதுரையில் கவுன்சிலர் என்று ஒருவரும் இருக்கவில்லை. தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. பதவிக்காலம் ஐந்தாண்டுகள்தான், அது முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் சொல்லியிருந்தும், மன்றத்தின் இடத்தில் அரசு அமர்த்திய தனி அலுவலரின் கையொப்பமே மன்றத்தின் தீர்மானமாகக் கொள்ளப்பட்டது. மதுரை பொலிவுறு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தில் சேர்க்கப்பட்டது 2016 செப்டம்பரில். பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டியது உட்பட அத்திட்டத்தின் பெரும்பணிகள் பலவும் மன்றம் இல்லாத அந்த இடைவெளியிலேயே நடந்தன. நல்லதோ கெட்டதோ, அவற்றைக் குறித்து 'என் வார்டு மக்கள் இதை ஏற்கவில்லை' என்று பதிவு செய்வதற்கு ஓர் இருக்கைகூட அப்போது இருக்கவில்லை. மன்றத்தின் கூச்சல் எரிச்சலூட்டும்போது இந்த ஐந்தரை ஆண்டு அமைதியையும் நினைத்துப் பார்ப்பது நியாயம்.

அஜெண்டா என்னும் தாள்

இப்போது முடிவு பிறக்கும் இடத்துக்கு வருவோம். கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும் பொருள் நிரலை எல்லோரும் அஜெண்டா என்றே சொல்கிறார்கள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இருக்கும். புரிவதற்காக ஒரு கற்பனைப் பொருளை எடுத்துக்கொள்வோம். செல்லூர்ப் பகுதியில் ஒரு குறுந்தெரு. அங்கே பாதாளச் சாக்கடை அடிக்கடி பொங்குகிறது. தெருவும் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. அஜெண்டாவில் அது ஏறத்தாழ இப்படி வரும்: 'மேற்படி தெருவில் பழுதடைந்த கழிவுநீர்க் குழாயை மாற்றி, பேவர் பிளாக் சாலை அமைக்கும் பணிக்கு ரூ.18 லட்சத்துக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. இச்செலவினத்தைப் பொது நிதியிலிருந்து மேற்கொள்ள மாமன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது. அலுவலகக் குறிப்பு: அனுமதிக்கலாம்.'

நான்கு வரிதான். ஆனால் இந்த நான்கு வரி மன்றத்துக்கு வருவதற்குள் பல மேஜைகளைக் கடந்திருக்கிறது. தெருவாசிகள் கவுன்சிலரிடம் சொல்லி, கவுன்சிலர் வார்டின் உதவிப் பொறியாளரிடம் சொல்லி, அவர் நேரில் அளந்து மதிப்பீடு போட்டு, அது மேலுள்ள பொறியாளர்களின் சரிபார்ப்பைத் தாண்டி, நிதி இருக்கிறதா என்று கணக்குப் பிரிவில் பார்க்கப்பட்டு, ஆணையாளரின் ஒப்புதலோடு அச்சேறுகிறது. ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் குறைவான பணிகள் மண்டலக் குழுவிலேயே முடிந்துவிடும். மதுரையில் கிழக்கு, வடக்கு, மத்தி, தெற்கு, மேற்கு என ஐந்து மண்டலங்களும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரும் உண்டு. இவை தவிர வரிவிதிப்பு மற்றும் நிதி, பணிகள், பொது சுகாதாரம், கல்வி, நகரமைப்பு போன்ற நிலைக்குழுக்கள் இருக்கின்றன. ஆகவே மன்றத்தில் ஒரு பொருள் வாசிக்கப்படும்போது அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டே வந்திருக்கும். 'ஒரே மணி நேரத்தில் அறுபது தீர்மானங்களா?' என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை. அந்த வேகத்தைக் குறை சொல்வதைவிட, முன்னால் நடந்த வேலையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று கேட்பதே பயன் தரும்.

இனி அந்த நான்கு வரியையே கூர்ந்து படிக்கலாம். மாநகராட்சியின் பணம் ஒரே உண்டியலில் கிடப்பதில்லை. பொது நிதி எனப்படும் வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று கணக்குகள் தனித்தனி. கழிவுநீர்க் குழாய் மாற்றுவது வடிகால் நிதியின் வேலை; சாலை போடுவது பொது நிதியின் வேலை. நம் கற்பனைப் பொருளில் இரண்டையும் சேர்த்துப் பொது நிதியில் போட்டிருக்கிறார்கள். கவனமுள்ள கவுன்சிலர் எழுந்து, 'குழாய்ச் செலவை ஏன் பொது நிதியில் காட்டியிருக்கிறீர்கள், அந்தத் தொகைக்கு என் வார்டில் இன்னொரு தெரு போட்டிருக்கலாமே' என்று கேட்பார். அடுத்து, பழைய சாலையின் மேலேயே புதிய சாலை போட்டால் வீட்டு வாசல்படி தாழ்ந்துபோய் மழைநீர் உள்ளே புகும். பழைய தளத்தைச் சுரண்டி எடுப்பது மதிப்பீட்டில் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. மூன்றாவதும் மிக முக்கியமானதும்: அந்தத் தெருவில் புதிய குடிநீர்க் குழாய் பதிக்கும் பணி பாக்கியிருக்கிறதா? இருந்தால் பேவர் பிளாக் போட்ட சில மாதங்களில் அதைப் பெயர்த்து எறிய வேண்டிவரும். முல்லைப் பெரியாற்றிலிருந்து மதுரைக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டத்துக்காகவும் பாதாளச் சாக்கடை விரிவாக்கத்துக்காகவும் தோண்டப்பட்ட தெருக்களில் நடந்து பழகிய எவருக்கும் இந்தக் கேள்வியின் அருமை தெரியும். குழாய்க்கு ஒரு பிரிவு, சாக்கடைக்கு ஒரு பிரிவு, சாலைக்கு ஒரு பிரிவு என்று வேலை பிரிந்து கிடக்கும்போது, மூன்றும் ஒரே தெருவில் எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று கேட்கக்கூடிய இடம் மன்றம்தான்.

பொருளின் கடைசிச் சொற்களையும் விட்டுவிடக் கூடாது. 'அனுமதிக்கலாம்' என்று முடிந்தால், அது மன்றமே முடிவெடுக்கக்கூடிய விஷயம். 'அரசுக்குப் பரிந்துரைக்கலாம்' என்று முடிந்தால், மன்றம் ஒப்புக்கொண்டாலும் முடிவு சென்னையில் இருக்கிறது. அத்தகைய தீர்மானம் நிறைவேறிய செய்தியைப் படித்துவிட்டு மறுவாரமே வேலை தொடங்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். 'பதிவு செய்யலாம்' என்பது வெறும் தகவல். நடந்துவிட்ட ஒன்றை மன்றத்தின் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். நான்காவதாக 'பின்னேற்பு வழங்கலாம்' என்று ஒன்று வரும். அவசரத்தின் பெயரில் மன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கி வேலையை முடித்து, சில வேளைகளில் பணத்தையும் கொடுத்துவிட்டு, பிறகு ஒப்புதல் கேட்பதே பின்னேற்பு. வைகையில் வெள்ளம் வரும்போதோ சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கானோர் திரளும்போதோ தற்காலிகக் கழிப்பறைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் அடுத்த மாதக் கூட்டம்வரை காத்திருக்க முடியாது என்பது உண்மைதான். ஆயினும் திருவிழா எந்த மாதம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே அல்லவா? ஆண்டுதோறும் ஒரே பணிக்குப் பின்னேற்பு கேட்கப்பட்டால் அதை அவசரம் என்று சொல்வது கடினம். ஓர் அஜெண்டாவில் பின்னேற்புப் பொருள்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதே அந்த நிர்வாகம் மன்றத்தை எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு நல்ல அளவுகோல் என்பது என் கருத்து.

ஒப்பந்தப்புள்ளியை (டெண்டரை) ஏற்கும் பொருள்களில் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் ஒப்பந்தப்புள்ளி கொடுத்தார்கள், ஏற்கப்படும் தொகை மதிப்பீட்டைவிடக் கூடுதலா குறைவா, முதல் முறை அழைத்ததா மறு அழைப்பா என்ற விவரங்களைத் தேடிப் பார்த்தால் போதும்.

பாட்டிலில் வந்த தண்ணீர்

இவ்வளவும் தாளில் நடப்பவை. குரலில் நடப்பதையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஒரு கவுன்சிலர் எழுந்து, 'மேயர் அவர்களே, எங்கள் வார்டில் குடிதண்ணீரோடு சாக்கடை கலந்து வருகிறது. இதோ பாட்டிலில் பிடித்தே கொண்டுவந்திருக்கிறேன், அதிகாரிகள் ஒரு வாய் குடித்துக் காட்டட்டும்' என்று கலங்கிய தண்ணீரைத் தூக்கிக் காட்டுவது தமிழ்நாட்டு மாமன்றங்களில் பழகிப்போன காட்சி. நாடகம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பாட்டில் ஒரு பொறியியல் உண்மையைச் சுமந்து வருகிறது. நகரின் பழைய பகுதிகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் குறுகிய தெருக்களில் அருகருகே ஓடுகின்றன. தண்ணீர் நாள் முழுவதும் ஓடினால் குழாயினுள் அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தாலும் உள்ளிருந்து வெளியேதான் கசியும். ஒரு நாள் விட்டு ஒரு நாளோ அதற்கும் அரிதாகவோ சில மணி நேரம் மட்டும் திறந்துவிடும்போது, மற்ற நேரங்களில் குழாய் வெற்றாகக் கிடக்கிறது. சுற்றியுள்ள மண்ணில் தேங்கிய சாக்கடை நீர் அதே விரிசல் வழியே உள்ளே புகுந்துகொள்கிறது. தண்ணீர் திறந்த முதல் சில நிமிடங்கள் நாற்றமாக வருவதன் காரணம் இது. வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது.

இதை அறிந்தால் விவாதத்தின் போக்கும் விளங்கும். கவுன்சிலர் 'உடனே சரிசெய்யுங்கள்' என்கிறார். பொறியாளர் 'கசிவைக் கண்டறியும் பணி நடைபெறுகிறது' என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கேட்பது ஒரு தெருவின் கசிவை அடைப்பது, மற்றவர் மனத்தில் இருப்பது முழுப் பகுதிக்கும் குழாய் மாற்றுவது. முன்னது வார்டு அளவில் முடியும் சிறு செலவு, பின்னது மாநில, ஒன்றிய அரசுகளின் நிதியை எதிர்பார்க்கும் பெருந்திட்டம். இரண்டுக்கும் இடையில் மேயர் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று சொல்லி அடுத்தவரை அழைக்கிறார். அந்தப் பதில் முடிவாகாது என்பதைப் பார்வையாளர் கவனிக்க வேண்டும். அஜெண்டாவில் இல்லாத பொருளின் மீது பேசப்படும் பேச்சு கோரிக்கையாகவே நிற்கும். அது அடுத்த கூட்டத்தில் எண் பெற்ற பொருளாக வந்தால்தான் கோரிக்கை முடிவை நோக்கி நகர்ந்திருக்கிறது என்று பொருள். திறமையான கவுன்சிலர்கள் பாட்டிலைத் தூக்கிக் காட்டிய கையோடு, மதிப்பீடு எந்தத் தேதிக்குள் தயாராகும் என்ற உறுதியையும் வாங்கி நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவிடுகிறார்கள். மற்றவர்களுக்குப் படம் மட்டும் கிடைக்கிறது.

சில கோரிக்கைகள் மன்றத்தின் கையிலேயே இல்லாதவை. வைகை ஆறும் பெரும்பாலான கண்மாய்களும் நீர்வளத்துறையின் பொறுப்பு. கோரிப்பாளையம் மேம்பாலம் நெடுஞ்சாலைத் துறையின் பணி. போக்குவரத்தை ஒருவழியாக்குவது மாநகரக் காவல் துறையைக் கேட்காமல் நடக்காது. மின்கம்பத்தை நகர்த்துவது மின்வாரியத்தின் வேலை. கண்மாயிலிருந்து புறப்பட்டு நகருக்குள் ஓடி ஆற்றில் சேரும் வாய்க்கால்களில்தான் இந்த எல்லைத் தகராறு உச்சத்துக்குப் போகிறது. 2024 அக்டோபரில் பெய்த கனமழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது பந்தல்குடி கால்வாய் எல்லோர் வாயிலும் அடிபட்டது. கண்மாய் ஒரு துறை, வாய்க்காலில் சேரும் குப்பையும் கழிவுநீரும் மற்றொரு துறை என்று இருக்கும்போது, மன்றத்தில் எழும் கேள்விக்கு முழுப் பதில் சொல்லக்கூடியவர் அந்த மண்டபத்தில் இருப்பதில்லை.

வரி: மன்றத்தின் கை எவ்வளவு நீளம்?

மாமன்றத்தின் அதிகாரம் எதுவரை என்பதை 2022இல் நடந்த சொத்து வரி உயர்வு அளவுக்கு வேறு எதுவும் தெளிவாகக் காட்டாது. புதிய மன்றம் மார்ச் தொடக்கத்தில் பதவியேற்றது. அந்தச் சூடு தணிவதற்குள், ஏப்ரல் தொடக்கத்தில் மாநில அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. மதுரை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிவரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50 சதவீதம், 1201 முதல் 1800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்பது அந்த அறிவிப்பின் அளவு. அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிவந்த 900 சதுர அடி வீட்டுக்காரருக்கு இனி 1,500 ரூபாய். வணிகக் கட்டடங்களுக்கு இரட்டிப்பு.

சட்டப்படி வரியை விதிப்பது மாமன்றம். எனவே அறிவிப்பு அரசுடையதாக இருந்தாலும், ஒவ்வொரு மாமன்றமும் தன் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, அதைப் பொதுமக்கள் அறிய வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்று, மறுபடியும் கூடி இறுதித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. வடிவத்தில் இது முழுமையான மக்களாட்சி நடைமுறை. ஆனால் மன்றம் 'முடியாது' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கான விடை அந்த அறிவிப்புக்குள்ளேயே இருந்தது: சொத்து வரியைச் சீரமைக்காத உள்ளாட்சிகளுக்கு 15ஆவது நிதி ஆணையத்தின் மானியம் கிடைக்காது. குழாய் பதிக்கவும் குப்பை அள்ளவும் அந்த மானியத்தை நம்பியிருந்த மாநகராட்சிக்கு அது எளிதில் சொல்லக்கூடிய 'முடியாது' ஆக இல்லை.

எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் 'மக்கள் தலையில் சுமை' என்று எதிர்த்தார்கள். ஆளும் தரப்பு 'பல ஆண்டுகளாக உயர்த்தவே இல்லை' என்று பதில் சொன்னது. இரண்டும் உண்மையே. 2018இல் இதேபோல் ஓர் உயர்வு அறிவிக்கப்பட்டு, உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரத்தில் 2019இல் நிறுத்திவைக்கப்பட்டது. அப்போது எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் 2022இல் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப்பட்ட விவாதத்தில் யார் சொல்வது சரி என்று பார்ப்பதைவிட, மன்றம் உண்மையில் மாற்றக்கூடியது எது என்று பார்ப்பது பயன் தரும். உயர்வின் சதவீதம் மன்றத்தின் கையில் பெரும்பாலும் இல்லை. ஆனால் எந்தத் தெரு எந்த வரி மண்டலத்தில் சேர்க்கப்படுகிறது, அளவெடுப்பு சரியாக நடந்ததா, வணிகக் கட்டடம் வீடு என்று கணக்கில் இருக்கிறதா, பெரிய நிலுவைக்காரர்கள் யார் என்பவை மன்றம் கேட்டுப் பெறக்கூடிய விவரங்கள். ஒரு கோடி ரூபாய் நிலுவை வைத்திருக்கும் நிறுவனத்தைப் பற்றிய ஒரு கேள்வி, நூறு சிறு வீட்டுக்காரர்களுக்காகப் போடும் கூச்சலைவிடப் பெறுமானம் உடையது. இத்தகைய கேள்விகள் மன்றத்தில் அரிதாகவே எழுகின்றன என்பது வருத்தத்துக்குரியது. (வரி செலுத்துவோருக்கு ஒரு குறிப்பு: அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால், ரூ.5,000 உச்சவரம்புக்கு உட்பட்டு 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.)

வரியைவிட விவாதத்துக்கு இடமுள்ள வருமானம் குத்தகையில் இருக்கிறது. மாட்டுத்தாவணி பேருந்து நிலையக் கடைகள், வாகனக் காப்பகங்கள், தமுக்கம் மைதானம் என்று மாநகராட்சிக்குச் சொந்தமான சொத்துகள் ஊரெங்கும் இருக்கின்றன. வாடகையை எவ்வளவு உயர்த்துவது, ஏலத்தில் விடுவதா பழைய குத்தகைதாரருக்கே நீட்டிப்பதா, நிலுவையைத் தவணையில் வாங்குவதா என்பதிலெல்லாம் மன்றத்தின் சொல்லுக்கு எடை அதிகம். சலிப்பூட்டும் பொருள்கள்தான், அஜெண்டாவின் பின்பக்கங்களில் கிடக்கும். ஆனால் ஒரு நகரத்தின் பணம் கசியும் இடமும் சேரும் இடமும் அந்தப் பக்கங்கள்தாம்.

கை தூக்குவதும் வெளியே நடப்பதும்

பெரும்பாலான தீர்மானங்கள் வாக்கெடுப்பு இல்லாமலேயே நிறைவேறுகின்றன. பொருள் வாசிக்கப்பட்டு ஆட்சேபம் இல்லையென்றால் 'ஏகமனதாக' என்று பதிவாகிறது. ஆட்சேபம் இருந்து வாக்கெடுப்புக் கேட்கப்பட்டால், வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முடிவு. இரு பக்கமும் சமமானால் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் மேயர் தம் இரண்டாவது வாக்கைப் பயன்படுத்தலாம். வந்திருப்பவர்களின் பெரும்பான்மை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வெளிநடப்பைப் பாருங்கள். எதிர்ப்பவர்கள் எழுந்து வெளியே போனவுடன், உள்ளே இருப்பவர்கள் அனைவரும் ஆதரிப்பவர்களாக ஆகிவிடுகிறார்கள். அவர்கள் எதிர்த்த தீர்மானமே 'ஏகமனதாக' நிறைவேறியதாகக் குறிப்பேட்டில் ஏறக்கூடும். வெளியே கேமரா முன் பேசிய பேச்சு அன்று மாலைச் செய்தியில் வரும். பத்தாண்டு கழித்து ஒரு நீதிமன்ற வழக்கிலோ தணிக்கையிலோ பார்க்கப்படுவது குறிப்பேடு மட்டுமே. உட்கார்ந்திருந்து, 'இந்தக் காரணத்தால் எதிர்க்கிறேன், என் எதிர்ப்பைப் பதிவு செய்க' என்று சொல்வது வெளிநடப்பைவிட அலுப்பான வேலை. அதையே செய்யும் உறுப்பினர்கள் எல்லாக் கட்சிகளிலும் ஓரிருவர் இருக்கிறார்கள். அவர்கள் படம் பத்திரிகையில் அவ்வளவாக வருவதில்லை.

கட்சித் தாவல் தடையைக் கூறும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் உரியது. மாமன்றத்துக்கு அது பொருந்தாது. கட்சித் தலைமையின் சொல் கவுன்சிலர்களைக் கட்டுப்படுத்தாது என்பதல்ல இதன் பொருள். ஆனால் சொந்தக் கட்சி கொண்டுவந்த தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்ததற்காகவே ஒரு கவுன்சிலரின் பதவி அந்த அட்டவணைப்படி பறிபோகாது. வார்டின் நலனுக்காகத் தனித்துக் குரல் கொடுக்க எம்.எல்.ஏ.வைவிடக் கவுன்சிலருக்கு இடம் அதிகம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

நிறைவேறிய தீர்மானமும் இறுதியானது என்று கொள்ள முடியாது. சட்டத்துக்குப் புறம்பானது என்று கருதினால் மாநில அரசு அதை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ முடியும். 1971இன் மதுரை மாநகராட்சிச் சட்டத்துக்குப் பதிலாக, தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, அதன் 2023ஆம் ஆண்டு விதிகளோடு இப்போது நடைமுறையில் இருக்கிறது. எல்லா மாநகராட்சிகளுக்கும் இன்று ஒரே சட்டம்தான். மதுரைக்கென்று தனிச் சட்டம் இருந்த காலத்தைவிட மாநில அரசின் பிடி குறைந்திருக்கிறதா என்று கேட்டால், குறையவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஒரு சாதாரணக் குடிமகன் இதில் நுழையும் வழிகள் சில உண்டு. அந்தந்த வார்டில் பகுதிவாசிகள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் தெருவின் தேவையை எழுத்து மூலமாகக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம். தீர்மானம் நிறைவேறியும் வேலை நடக்கவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் 'எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை' என்று கேட்டால், தகவலில் அடங்காத கேள்வி என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூட்டம் நடந்த தேதி, தீர்மான எண், மதிப்பீட்டின் நகல், ஒப்பந்ததாரருக்குப் பணி ஆணை கொடுத்த நாள், பணியை முடிக்க வேண்டிய கெடு என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தீர்மான எண் தெரியாவிட்டால் கவுன்சிலரிடம் இருக்கும் பழைய அஜெண்டாவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் வீட்டில் ஒரு மூலையில் கட்டி வைத்திருப்பார்கள்.